சொல்லாமல் கடந்த நாட்கள்

களவுபோன ஒன்றைத் தேடுவதற்கு, அது களவுபோயிருக்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும். கழுத்துச் சங்கிலி போனால் கை தடவியதும் தெரியும். முற்றத்துச் சைக்கிள் போனால் வெறும் இடம் காட்டிக்கொடுக்கும். ஆனால் நம் பெயர், பிறந்த திகதி, முகவரி, கடவுச்சொல் என்பன களவுபோனால் எந்த இடமும் வெறுமையாவதில்லை. அவை நம்மிடமும் இருக்கும், கள்ளனிடமும் இருக்கும். அவற்றைப் பொறுப்பேற்று வைத்திருந்தவர் வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியவரும்.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் தரவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காகத் தேடிப் படித்தபோதுதான் இந்த உண்மை எனக்கு உறைத்தது. நான் தெரிவுசெய்த உதாரணம், 2011 ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் என்ற இணைய விளையாட்டுச் சேவையில் நடந்த ஊடுருவல். அப்போது நான் முன்பள்ளிச் சிறுமி. ஆனாலும் அச்சம்பவம் இன்று எங்கள் வீடுகளுக்கும் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 17 ஆம் திகதிக்கும் 19 ஆம் திகதிக்கும் இடையில் யாரோ அச்சேவையின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். 19 ஆம் திகதி ஏதோ தவறு நடக்கிறது என்பதை நிறுவனத்தார் கண்டுகொண்டார்கள். மறுநாள் சேவை முழுவதையும் நிறுத்தினார்கள். விளையாட வந்தவர்களுக்குக் கதவு பூட்டிக் கிடந்தது, காரணம் விளங்கவில்லை. 22 ஆம் திகதி வெளியார் ஊடுருவல் நடந்திருப்பதாக அறிவித்தார்கள். ஆனால் பயனாளர்களின் சொந்தத் தகவல்கள் கைமாறிவிட்டன என்பதை 26 ஆம் திகதிதான் சொன்னார்கள். ஏறத்தாழ 77 மில்லியன் கணக்குகள்! பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த திகதி, கடவுச்சொல் எல்லாமே அதில் அடக்கம். கடனட்டை இலக்கங்களும் போயிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றார்கள்.

எவ்வளவு பறிபோனது என்று ஆராய்ந்து அறியவே அத்தனை நாள் பிடித்தது என்பது நிறுவனத்தின் விளக்கம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த நாட்களில் கள்ளனுக்குத் தெரிந்திருந்தது, காவலாளிக்கு ஓரளவு தெரிந்திருந்தது, பொருளுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியவில்லை. மே மாதம் முதலாம் திகதி, நிறுவனத்தின் உயர் அதிகாரி கசுவோ ஹிராய் இரண்டு சக அதிகாரிகளுடன் டோக்கியோவில் ஊடகங்களின் முன் தலைதாழ்த்தி மன்னிப்புக் கோரினார். 2013 ஜனவரியில் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 250,000 பவுண் தண்டப்பணம் விதித்தது. மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்திருந்தால் இத்தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் முடிவு.

நம் மக்கள் ‘அமானிதம்’ என்று ஒரு சொல்லைப் புழங்குகிறோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் நகைநட்டை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால் அது அமானிதம். வாங்கி வைத்தவருக்குக் கடமைகள் இரண்டு. ஒன்று, அதைக் காப்பது. மற்றது, அதற்கு ஏதும் நேர்ந்தால் தாமதமின்றிச் சொல்வது. ஒரு கணக்கைத் திறக்கும்போது நாம் நிரப்பிக் கொடுக்கும் விபரங்களும் அப்படிப்பட்டவையே. நமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைப் பற்றியே பேசுகிறது.

சரி, இவ்வளவு பெரிய நிறுவனத்தின் கதை நமக்கு எதற்கு?

என் சாச்சியின் மகள் தரம் ஒன்பதில் படிக்கிறாள். விடுமுறையில் ஓர் இணைய விளையாட்டில் கணக்கு வைத்திருந்தாள். ஒருநாள் அவளால் உள்ளே போக முடியவில்லை. யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஃபோனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டு கிழமைகள் கழிந்தன. அதே கடவுச்சொல்தான் அவளுடைய மின்னஞ்சலுக்கும். ஒரு மாலை அவள் பெயரில் உறவினர் பலருக்கு, “அவசரம், ரீலோட் ஒன்று போட்டு விடுங்க” என்று செய்தி போனது. அப்போதுதான் சாச்சிக்கு விடயம் தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒனக்கு ஆரு கேம் வெளையாடச் சொன்ன?” என்பதுதான். அவள் பதில் சொல்லாமல் அழுதாள்.

கள்ளனைப் பற்றி எவரும் அன்று பேசவில்லை. பறிகொடுத்தவளே குற்றவாளியாக நின்றாள். பெண் பிள்ளை என்றால் இந்தப் பயம் இன்னும் இரண்டு மடங்கு. அவளது பெயரும் படமும் முகவரியும் அந்நியர் கையில் இருப்பது ஒரு பயம். அதை வீட்டில் சொல்வது அதைவிடப் பெரிய பயம். அந்த இரண்டு கிழமை மௌனம்தான் கள்ளனுக்குக் கிடைத்த அவகாசம்.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது எத்தனை ஆபத்து என்பதற்கும் சோனியின் கதையிலேயே சான்று உண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில், அந்நிறுவனத்தின் சேவைகளில் சுமார் 93,000 கணக்குகளுக்குள் யாரோ சரியான பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தே நுழைந்தார்கள். அந்தப் பட்டியல் வேறு இடங்களில் களவாடப்பட்டதாகத் தெரிகிறது என்று நிறுவனம் கூறியது. ஒரு வீட்டில் எடுத்த திறப்பை அடுத்தடுத்த வீடுகளில் போட்டுப் பார்ப்பது போல.

எனவே தோழியரே, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைப்போம். குறிப்பாக மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையெல்லாம் மீட்டெடுக்கும் வழி அதற்குள்தான் இருக்கிறது. விளையாட்டுக் கணக்குக்கு வீட்டு முகவரி அவசியமில்லை என்றால் கொடுக்காமல் விடுவோம். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த திகதியை எப்படி மாற்றுவது? யாரும் நுழைந்ததாகச் சந்தேகம் வந்தால், அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்வோம்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் மகள் தயங்கித் தயங்கி வந்து, “உம்மா, என்ட அக்கவுண்ட யாரோ எடுத்திட்டாங்க” என்று சொன்னால், ஏன் அங்கே போனாய் என்ற கேள்வியைப் பிறகு கேளுங்கள். “எப்ப நடந்தது? வேற எங்க இந்தப் பாஸ்வேர்ட் போட்டிருக்க?” என்று முதலில் கேளுங்கள். அந்த 77 மில்லியன் கணக்குகளுக்கு உரியவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. நம்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சாச்சி இப்போது அப்படித்தான் கேட்கிறார். போன மாதம் மகளுக்குச் சந்தேகமான ஒரு செய்தி வந்தபோது, அதைத் திறக்காமலே அவள் உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.