எச்சத்துக்குள் ஒளிந்த முடிவு

வலியசாலையில் தங்கி, ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். சென்ற வாரம் நெறியாளர் ஒரே ஒரு வாக்கியத்தை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்: 'ஹேவிங் டிஸ்ட்ராய்டு த ஷிப்ஸ் அட் காந்தளூர்ச் சாலை, ராஜராஜா கான்கர்ட் வேங்கை நாடு.' ஓரத்தில் அவர் எழுதியிருந்தவை இரண்டே குறிப்புகள்: "இலக்கணம் சரி. சான்று எங்கே?"

ஆயினும் நான் முதலில் தேடியது இலக்கணப் பிழையைத்தான். ஆங்கிலத்தில் இத்தகைய பார்ட்டிசிப்பிள் தொடருக்குத் தனி எழுவாய் இல்லையெனில், தலைமைத் தொடரின் எழுவாயே அதற்கும் வினைமுதல். 'வாக்கிங் டு த டெம்பிள், த ரெயின் ஸ்டார்ட்டட்' என்று எழுதினால் மழையே கோயிலுக்கு நடந்து போகும். தமிழர்க்கு இவ்விதி புதிதன்று. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினைகொண்டே முடியும் என்பது தொல்காப்பியர் கொள்கை. 'ஞாயிறு பட்டு வந்தான்' போன்றவற்றைப் 'பட' என்பதன் திரிபாகக் கொண்டு பின்னையோர் அமைதி கூறினர். என் வாக்கியத்திலோ இரு வினைகளுக்கும் இராசராசனே வினைமுதல். விதி எங்கும் மீறப்படவில்லை.

பிறகே கல்வெட்டுக்குத் திரும்பினேன். 985இல் அரியணை ஏறிய அவ்வரசனின் மெய்க்கீர்த்தியிலும் இச்செய்தி 'கலமறுத்தருளி' என எச்சமாகவே நிற்கிறது. காந்தளூர்ச் சாலை என்பது இந்த வலியசாலையே என்பது பல அறிஞர் கருத்து. கலம் எது என்பதில்தான் வழக்கு. மரக்கலம் எனக் கொண்டோர் கப்பல்களை அழித்தான் என்றனர். உண்கலம் எனக் கொண்டோர் சாலையில் நடந்த ஊட்டினை வரையறுத்தான் என்றனர். 'அறுத்தல்' இரண்டுக்கும் இடந்தரும். அச்சாலை கல்விக்கூடமாக விளங்கியதற்கும் சான்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்குச் சாலை அமைத்தபோது, காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான். அங்குச் சேர்வோர்க்கு வியாகரண அறிவும் ஒரு தகுதி.

முற்றுவினையில் கூறியதை வாசகர் வினவுவர். எச்சத்தில் கூறியதை முடிந்துபோன செய்தியாக ஏற்றுக் கடந்து செல்வர். அறிஞர்களின் நெடிய விவாதத்தை நான் ஒரு 'ஹேவிங்' என்னும் சொல்லுக்குள் வைத்து மூடியிருந்தேன். மெய்க்கீர்த்தி எழுதியவராவது 'கலம்' என்று நிறுத்திக்கொண்டார். 'ஷிப்ஸ்' என்று எழுதித் தீர்ப்பும் வழங்கியவன் நான். என் இயலின் வாதம் முழுவதும் அந்தக் கப்பல்களின் மேல்தான் மிதந்துகொண்டிருந்தது.

இப்போது அதனை முற்றுவினையாக்கி, இரு தரப்பையும் எதிரெதிர் நிறுத்தி எழுதியிருக்கிறேன். ஒரு வாக்கியம் இரண்டு பக்கமாயிற்று. 'சோழர் கடற்போரின் தொடக்கம்' என்ற இயல் தலைப்பை நீக்க வேண்டியதாயிற்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளும் தள்ளிப்போகும்.

ஆய்வேடு எழுதும் நண்பர்கள் தத்தம் வரைவில் 'ஹேவிங்' வரும் இடங்களை ஒருமுறை முற்றுவினையாக மாற்றிப் படித்துப் பாருங்கள். அங்கே சான்று கேட்கத் தோன்றினால், அது முன்பும் சான்றின்றியே நின்றிருந்தது என்று பொருள்.