ஓரத்தில் கை வைக்காமல்

டிசம்பர் பாதி தாண்டினால் ஓசூரில் என் ஃபிரேம் கடைக்கு வேறொரு கூட்டம் வரும். ஜனவரியில் பெங்களூரு குமாரகிருபா சாலையில் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தை. கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்துவது. சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு, யாரிடமும் பாடம் கேட்காமல் வரைகிறவர்கள் அட்டைகளைப் பையில் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஓரத்தை வெட்டி நேராக்கிடலாமாண்ணா?"

"வேணாம்பா."

போன வாரம் வந்தது, பார்சல் பெட்டியைக் கிழித்து ஆயில் பேஸ்டலில் வரைந்த ஒரு முகம். நெற்றி விளிம்பில் முட்டுகிறது. கன்னத்தில் ஸ்டேப்ளர் ஓட்டை. அட்டையில் இடம் போதாமல்தான் கழுத்து அப்படித் திருகிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் போர்டு அரை அங்குலம் மறைத்தாலும் அந்த நெரிசல் போய்விடும். மிஞ்சுவது வெறும் கோணல் முகம். அதனால் அகலமான அடியட்டை மேல் நான்கு ஓரமும் தெரிய வைப்பேன். பின்னால் மெல்லிய தாள் துண்டுகள், மாவுப் பசை. ஃபெவிகால் ஆகாது, பிறகு பிரிக்க வராது. ஆயில் பேஸ்டல் லேசில் காயாது. கண்ணாடியில் பட்டால் நிறம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இடையில் சின்னக் கட்டை கொடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். பார்சல் அட்டையின் அமிலம் அடியட்டையைப் பழுப்பாக்காமலிருக்க அமிலமில்லாத தாள் ஒன்று. பேரம் தொடங்குவது இந்தத் தாளில்தான்.

இப்படிப் பாடம் கேட்காமல் வரைகிறவர்களுக்கும் இடம் கொடுத்த ஒரு காட்சிக்கூடம் நியூயார்க்கில் இருந்தது: காலரி செயிண்ட் எடியென். நாஜிகள் வந்ததும் வியன்னாவை விட்டு வெளியேறிய ஓட்டோ காலிர் 1939இல் தொடங்கியது. எகான் ஷீலே போன்ற எக்ஸ்பிரஷனிஸ்டுகளைக் காட்டிய அவரே 1940இல் கிராண்ட்மா மோசஸுக்கும் கண்காட்சி வைத்தார். 80 வயது விவசாயப் பெண்மணி. அவர் படங்கள் முதலில் ஒரு சேகரிப்பாளரின் கண்ணில் பட்டது மருந்துக்கடை ஜன்னலில். அந்தப் பாட்டி ஃபிரேமை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு அளவாகப் பலகையை அறுத்து, அப்புறம்தான் வரைவார். எங்கள் தொழிலுக்கு அதைவிட மரியாதை யார் கொடுத்தார்கள்?

ஷீலேயின் உருவங்களிலும் தாள் முடிகிற இடத்தில் கையோ காலோ அறுந்து நிற்கும். அவர் அகாதெமியில் படித்தவர், தெரிந்தே செய்தார். போன வாரம் வந்தவருக்கு அட்டை போதவில்லை. சுவரில் மாட்டிப் பார்த்தால் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

ஃபிரேமுக்கான பீடிங் விஷயத்தில் மட்டும் நான் வாதாடுவதில்லை. ஒல்லியான கறுப்பு போதும் என்பேன். பாதிப் பேர் தங்க நிறம்தான் கேட்பார்கள். சந்தையில் விலை போகாவிட்டால் வீட்டில் மாட்டவாவது வேண்டுமே என்று வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பியிருப்பார்.