அத்தை கண்விழியாத இரவு

மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் மலைச்சாலையை அன்பர்கள் பலர் அறிவர். சந்தனக் காட்டின் வேலியோரமாய்ச் சென்று, சின்னாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு மாலை, வயிற்றுவலியால் துடித்த தம்பியை ஜீப்பில் கிடத்திக்கொண்டு அச்சாலையில் இறங்கினோம். நாம் பாலக்காட்டு ரயில்வே கோட்டத்தில் ஒரு நிலையத்துக் குமாஸ்தா. விடுமுறையில் வீட்டிலிருந்தது நல்லூழ். தம்பி காந்தலூரில் பூண்டும் முட்டைக்கோசும் பயிரிடுபவன். அன்று காலையிலும் பூச்சிமருந்து அடித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

குடல்வால் வீங்கியிருக்கிறது, இரவே அறுக்க வேண்டும் என்றனர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாள் வந்து, எப்பொழுது உண்டான், ஆடும் பல் உண்டா என்றெல்லாம் கேட்டபின், "உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் ஆபரேஷனுக்குப் பிறகு கண்விழிக்கவோ மூச்சு வரவோ நேரமானதுண்டா?" என்று வினவினார்.

"அப்படி ஒன்றுமில்லை, டாக்டரம்மா" என்று அன்னையார் உடனே விடையிறுத்தார். அதே வேளையில் நம் கையைப் பற்றி அழுத்தினார்.

அந்த அழுத்தத்தின் பொருள் நமக்குத் தெரியும். 1998இல் நம் அத்தைக்கு இரண்டாம் பிரசவம் கத்தியால் நடந்தது. குழந்தை அழுதது, தாய் விழிக்கவில்லை. விடியுமட்டும் குழாய் வழியே காற்றுச் செலுத்தி உயிரைக் காத்தனர். "கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, பேசியதெல்லாம் காதில் விழுந்தது" என்று அத்தை பின்னர் சொல்லி அழுதார். வீட்டார் அதனை நம்பினாரல்லர். முனியறைப் பக்கம் அந்திவேளையில் போன குற்றம் என்று மந்திரித்துக் கயிறு கட்டினர். பின்னர், பெண்கள் இருவருக்கும் வரன் அமையாதென அஞ்சி, அப்பேச்சையே எடுக்கலாகாதென்று விதித்தனர். அத்தை காலமான பின்னும் அவ்விதி காலமாகவில்லை.

நாமும் அன்றிரவு சில நிமிடம் வாய் மூடியே நின்றோம். இதை மறைத்தல் முறையன்று. தம்பியைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோதுதான் ஓடிச்சென்று டாக்டரம்மாளிடம் கூறினோம்.

அவர் கோபிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். நம் பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் என்பதையும், தம்பியின் மருந்தடிப்பையும் சொன்னோம். அவர் அப்பொழுது இரண்டொரு வாக்கியத்திலும், மறுநாள் விரிவாகவும் உரைத்ததை நமக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம்.

அறுவைக்கு உறக்கம் மட்டும் போதாது. தசைகளும் தளர வேண்டும். தளர்த்தும் மருந்து மூச்சுத் தசையையும் நிறுத்திவிடும். ஆகவே மருத்துவரே மூச்சுக் கொடுக்கிறார். இம்மருந்து உறக்கமும் தராது, வலியையும் போக்காது. உறக்க மருந்து தீர்ந்து இது மட்டும் தங்கினால் அத்தை பட்ட பாடுதான். அவர் கண்டது பேயுமன்று, பிரமையுமன்று.

இவ்வகை மருந்தின் மூலம் தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பில் தடவிய நஞ்சு. 1814இல் லண்டனில் வாட்டர்ட்டன் என்பார் ஒரு கழுதைக்கு அதனை ஏற்றி, மூச்சு நின்றதும் தொண்டையைத் துளைத்துத் துருத்தியால் ஊதச் செய்தார். கழுதை பிழைத்து 1839 வரை வாழ்ந்ததாம்! மூச்சைக் காத்தால் உயிர் போகாது என்பதை அது காட்டிற்று. 1942இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிரிஃபித் என்னும் மருத்துவர் அறுவைக்கு அதனைப் பயன்படுத்தினார். 1951 முதல் சக்சினைல்கோலின் என்னும் வேறொரு மருந்தும் வழக்கிற்கு வந்தது. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் தெளியும். வயிற்றில் உணவோடு அவசரமாய் வருவோருக்கு விரைந்து குழாய் செலுத்த உதவுவது.

அது விரைவில் தெளிவதற்குக் காரணம், நம் குருதியிலுள்ள ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடுவதே. அந்நொதி சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குறைவு. அவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் நிற்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் இவ்வளவு நேரம் நீளும். உறவில் மணப்போரிடம் அப்படிச் சேர்வது எளிது. வைசியர் சமூகத்தில் இது பிறரினும் மிகுதி. கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தார் வெளிநாட்டு அறிஞர்களோடு ஆராய்ந்து, அதற்குரிய மரபுப் பிழையை 2006இல் வெளியிட்டனர். நாம் அச்சமூகத்தாரல்லோம், எனினும் இக்குறை எவர் வீட்டிலும் இருக்கலாம். குறையுடையோர் மற்றபடி நலமாகவே வாழ்கின்றனர்.

இன்னொன்று, நம் மலைநாட்டார் அறிய வேண்டுவது: தோட்டங்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளும் இந்நொதியை முடக்கிவிடும். ஏலத்தோட்டக் கூலியும் காய்கறிக் குடியானவரும் ஆபரேஷனுக்கு முன் இதைச் சொல்வதுண்டோ? கேட்டால்தானே சொல்வோம் என்பார். தம்பியும் அப்படித்தான்.

அன்று டாக்டரம்மாள் சக்சினைல்கோலினைத் தவிர்த்து, இந்நொதியை நம்பாத ரோகுரோனியம் என்னும் மருந்தைக் கொடுத்தார். மணிக்கட்டில் சிறு மின்கருவி வைத்துத் தசை மீண்டதைப் பார்த்த பின்னரே குழாயை எடுத்தாராம். தம்பி விழித்ததும் தண்ணீர் கேட்டான். அன்னையார் நம்மோடு இரண்டு நாள் பேசவில்லை.

குருதிச் சோதனையில் நொதி மிகக் குறைவு. மருந்தடிப்பை விட்டு மூன்று திங்கள் கழித்துச் சோதித்தும் அவ்வாறே இருந்தமையால், பிறவிக் குறை என்று துணிந்தனர். எந்த மருந்து ஆகாது என்று டாக்டரம்மாள் எழுதித் தந்த கடிதம் தம்பியின் ஆதார் அட்டையோடு உறையில் இருக்கிறது. உடன்பிறந்தாரும் அத்தை மக்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நாம் சோதித்துக்கொண்டோம், ஓரளவே குறைவு.

அத்தையின் இளைய மகள், அன்றிரவு பிறந்தவள், சென்ற தையில் மணமாகித் திருப்பூரில் வாழ்கிறாள். மணம் முடியட்டும் என்று நாமும் இதுவரை அவளிடம் சொன்னோமில்லை. விதியை நாமும் காத்தோம். இப்பொழுது அவளுக்கு ஏழு மாதம். இருமுறை தொலைபேசியில் அழைத்தும் மாமியாரே எடுத்தமையால் நலம் மட்டும் விசாரித்து வைத்துவிட்டோம். வரும் ஞாயிறு கடிதத்தின் நகலோடு நேரில் செல்கிறோம். அன்னையாருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்துள்ளோம். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை.