எங்கள் கணக்கில் இருந்த மைல்கள்

எட்டுப் பர்லாங்கு சேர்ந்தால் ஒரு மைல். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. அந்த வாய்ப்பாட்டுக்காக வாத்தியாரிடம் பிரம்படியும் பட்டிருக்கிறேன். பிற்பாடு கிலோமீட்டர் வந்தது. மைலுக்கு மவுசு போயிற்று. ஆனால் மைல் என்பது பாங்கியில் போட்ட பணம் மாதிரி ஒருவன் பேரில் ஏறக்கூடியது, செலவாகக்கூடியது, எடுக்காமல் விட்டால் செத்தும் போகக்கூடியது என்பதை நான் தெரிந்துகொண்டது தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான்.

எங்கள் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். இரண்டு பிரசவத்துக்கும் ஒரு கிரகப்பிரவேசத்துக்குமாக நானும் என் மனைவியும் மூன்று தடவை போய் வந்தோம். முதல் தடவையே மாப்பிள்ளை எங்கள் இருவர் பேரையும் விமானக் கம்பெனியில் பதிந்து வைத்துவிட்டார். “மாமா, நீங்க பறக்கிற தூரத்துக்கு ஏத்த மாதிரி கணக்கில மைல் ஏறும். நிறையச் சேர்ந்தா அதைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பித்தூள் டப்பாவின் லேபிளைச் சேர்த்துக் கொடுத்தால் எவர்சில்வர் தம்ளர் தருவார்களே, அதுதானே இது! ஆனால் விஷயம் அவ்வளவு சின்னதல்ல. 1981-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி, வந்த பிரயாணியே மறுபடி வரவேண்டும் என்று இப்படி ஒரு திட்டத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? வரிசையாகப் பின்தொடர்ந்தன. இன்று விமானத்திலேயே ஏறாதவர்கள்கூடக் கடன் அட்டையில் மளிகை வாங்கி மைல் சேர்க்கிறார்கள்.

எங்கள் இருவர் கணக்கிலுமாக 70,000 மைலுக்கு மேல் சேர்ந்திருந்தது. என் மனைவி அதற்கு என்றோ செலவு எழுதிவிட்டாள். “இதை வெச்சுக் காசிக்குப் போயிட்டு வந்திடலாங்க. ரயில்ல ரெண்டு நாள் உட்கார எனக்கு இடுப்பு தாங்காது” என்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நானும் ஒவ்வொரு வருஷமும் ‘அடுத்த வருஷம்’ என்றே சொல்லிக்கொண்டு வந்தவன். தபாலாபீசில் இருந்தவனுக்கு லீவு கிடைப்பதும் காசிக்குப் போவதும் ஏறக்குறைய ஒரே அளவு புண்ணியம் வேண்டிய காரியங்கள்!

இப்படி இருக்கையில், “உங்கள் மைல்கள் இரண்டு மாதத்தில் காலாவதியாகும்” என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நாள் பார்க்க ஆரம்பித்தோம்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் விடிகாலையில் எங்கள் பால்காரம்மா பால் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உப்பிலியபுரத்தில் எங்கள் தெருவுக்கு இருபது வருஷமாகப் பால் ஊற்றுகிறவள். புருஷன் இல்லை. ஒரே பையன் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவன் உயரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கூட வேலை செய்கிறவன் போன் செய்திருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை, வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. ஆனால் பையன் யாரிடமும் பேச மாட்டேன் என்கிறான், சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறான்.

“போஸ்ட் மாஸ்டரய்யா, அந்தச் சிங்கப்பூரு எம்புட்டுத் தூரம் இருக்கும்? துறையூரு பஸ்ஸு மாதிரி அங்ஙன போறதுக்கு என்னா வேணும்?” என்று கேட்டாள்.

அவள் என்னிடம் பணம் கேட்கவில்லை; வழி கேட்டாள். “விசாரிச்சுச் சொல்றேம்மா” என்று உள்ளே வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷமே எனக்கு எங்கள் மைல் ஞாபகம் வந்தது. வந்தவுடன் அதை மறக்கவும் பார்த்தேன். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டால் ஆயிற்று, என் பங்குக்கு இரண்டாயிரம் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய காசியை எடுத்துத் தானம் பண்ண நான் யார்? அது என் மனசில் இருந்த நியாயம். ‘நம் கைவசம் இருப்பது குறைகிறதே’ என்ற சின்னத்தனமும் அந்த நியாயத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவள் கேட்டாள்: “ஏங்க, அந்த மைல்ல சிங்கப்பூருக்குப் போக முடியுமா?”

நான் தலை நிமிரவில்லை. “முடியும். ஆனா காசிக்கு மிஞ்சாது” என்றேன்.

“காசி எங்கேயும் ஓடிப் போயிடாது. அந்தப் பையன் மூணு நாளாச் சாப்பிடலையாம். மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க.”

அவ்வளவுதான். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே மரியாதை என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை கம்பெனிச் சட்டங்களை எடுத்துச் சொன்னார். மைலை விற்கக்கூடாது, விற்றது தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். ஆனால் நம் மைலில் நாம் இன்னொருவர் பேருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். சில கம்பெனிகளில் அந்த ஆளின் பேரை முன்கூட்டியே பதிய வேண்டும். எல்லா விமானத்திலும் இடம் கிடைக்காது; மைலுக்கென்று ஒதுக்கிய சில ஆசனங்கள் காலியாக இருக்கிற நாளில்தான் போக முடியும். மேலும், மைல் கொடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ‘இலவசம்’ என்றால் எங்கும் இப்படித்தான் போலிருக்கிறது!

திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்குத் தினமும் விமானம் போகிறது. ஆனால் எங்கள் மைல் செல்லுபடியாகிற கம்பெனிக்குச் சென்னைதான் கதி. பால்காரம்மாளுக்கும், துணைக்கு அவள் தம்பி மகனுக்குமாக இரண்டு டிக்கெட்டுக்கு மைல் சரியாக இருந்தது. அவன் மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவன், பாஸ்போர்ட் வைத்திருந்தான். அவளிடம் இருந்தது ரேஷன் கார்டும் ஆதாரும்தான்.

மைலைக் கொடுப்பது எவ்வளவு சுலபம், மனுஷனை விமானத்தில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கார்டில் அவள் பேர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. பிறந்த தேதியைக் கேட்டால், “நான் பொறந்த வருசம் ஐயாத்துல வெள்ளம் வந்துச்சாம்” என்கிறாள். அதைப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? முப்பத்தைந்து வருஷம் பாரம் பூர்த்தி செய்து வாழ்ந்தவன் நான். அந்த அநுபவம் முழுதும் அந்த வாரத்தில் உபயோகப்பட்டது.

அவசர முறையில் பாஸ்போர்ட்டுக்கு 3,500 ரூபாய். அதைத் தெருக்கோடி மளிகைக்காரர் கட்டினார். துறையூர், புலிவலம், மண்ணச்சநல்லூர் என்று பஸ்ஸில் இரண்டு தடவை திருச்சிக்குப் போய் வந்தோம். என் மனைவியும் கூட வந்து வரிசையில் நின்றாள். விசாவுக்கு எதிர்வீட்டு ஆசிரியை பணம் கொடுத்தார். விமான வரி 8,000 சொச்சத்தை நான் கட்டினேன். சென்னைக்கு ராத்திரி பஸ் டிக்கெட், ஒரு கம்பளிச் சட்டை, ஊறுகாய்ப் பாட்டில் என்று ஆளுக்கொன்று சேர்ந்தது. மைல் எங்களுடையது என்றாலும், பிரயாணம் தெருவினுடையது.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். விமானத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “மேகத்துக்கு மேலேயும் வெயிலு அடிக்குதுய்யா.” மற்றதெல்லாம் பையனைப் பற்றித்தான். இவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டானாம். வீடு கட்ட வாங்கிய கடன் பாக்கி இருக்கிறது, இனிமேல் நடப்போமோ மாட்டோமோ, அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற வேதனை. இவள் ஒன்றும் பேசாமல் ஆஸ்பத்திரிக் கஞ்சியை எடுத்து ஊட்டினாளாம். இரண்டாம் கரண்டியில் அழுதானாம். மூன்றாம் கரண்டியில் “உப்பு இல்லைம்மா” என்றானாம். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இந்தச் சமாசாரத்தை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, அமெரிக்காவில் இது ஒரு தர்மமாகவே நடக்கிறது என்றார். யுத்தத்தில் காயமடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய்களின் பக்கத்தில் தாயோ மனைவியோ இருக்கவேண்டும் என்று, 2003-ஆம் வருஷம் மேரிலாந்து மாநிலத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினர் ரூப்பர்ஸ்பெர்கர் என்பவர் ஜனங்களிடம் மைல் கேட்க ஆரம்பித்தாராம். இப்போது ஃபிஷர் ஹவுஸ் என்ற ஸ்தாபனம் அதை நடத்துகிறது. கொடிய நோயுள்ள குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் ‘மேக் எ விஷ்’ சங்கமும் மைலைத் தானமாக வாங்குகிறது. அதனிடம் கொடுத்த மைல் காலாவதியாவதே இல்லை. நாட்டை இழந்து பிரிந்த அகதிக் குடும்பங்களைச் சேர்த்து வைக்க 2016-இல் ‘மைல்ஸ் ஃபார் மைக்ரண்ட்ஸ்’ என்ற சங்கமும் பிறந்தது.

நம் நாட்டிலும் மனசுக்குக் குறைவில்லை. 2020-ஆம் வருஷம் கொரோனா ஊரடங்கில் கூலி ஜனங்கள் வழியில்லாமல் தவித்தபோது, பெங்களூர் தேசியச் சட்டக் கல்லூரியின் பழைய மாணவர்கள் பணம் திரட்டி, மே 28-ஆம் தேதி பம்பாயிலிருந்து ராஞ்சிக்கு ஒரு விமானம் நிறையத் தொழிலாளர்களை அனுப்பி வைத்தார்கள். டில்லிக்குப் பக்கத்தில் ஒரு காளான் விவசாயி தம்மிடம் வேலை செய்த பத்துப் பேரைத் தம் செலவில் விமானம் ஏற்றிப் பீகாருக்கு அனுப்பினார். நொய்டாவில் ஒரு 12 வயதுப் பெண் உண்டியலில் சேர்த்த 48,000 ரூபாயைக் கொடுத்து மூன்று பேரை ஊர் சேர்த்தாள்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. இருநூறு மைல் நடந்து போகிறவன் எங்கே படுப்பான், எங்கே தண்ணீர் குடிப்பான் என்று கவலைப்பட்ட ஊர் இது. திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள். ராணியாக இல்லாதவர்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள்; முன்பின் தெரியாத ஒருவன் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு விடுவான். பிரயாணம் செய்கிறவனுக்குக் கொடுப்பதைத் தர்மத்தில் தனியாகவே எண்ணி வைத்திருந்தார்கள். கல்லுக்குப் பதில் இப்போது கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே, பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் வந்த பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேரிலும் மைல் இருக்கக்கூடும். எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று பிள்ளைகளைக் கேட்டு வையுங்கள். யாருக்கும் பயன்படாமல் ஒரு நள்ளிரவில் அது பூஜ்யமாகிவிடுவதைவிட, ஒரு தாயைப் பிள்ளையிடம் சேர்ப்பது மேல். வரிப் பணத்தையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூடப் போகவும் தயாராக இருங்கள். அந்தப் பாதித் தர்மம் கணக்கில் ஏறுவதில்லை.

பையன் ஊர் திரும்பிவிட்டான். தடி ஊன்றி நடக்கிறான். தாயாருடைய மாடுகளைக் கவனித்துக்கொள்கிறான். அவள் வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் செம்பில் தினம் ஓர் ஆழாக்குப் பால் கூடுதலாக விழ ஆரம்பித்தது. என் மனைவி எவ்வளவோ தடுத்தாள்.

“மைலு கணக்கை நீங்க பார்த்தீங்க. பாலு கணக்கை நான் பார்த்துக்கறேன், விடுங்கம்மா” என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். வாங்கிக்கொள்வதும் ஒரு மரியாதைதான் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

காசி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ராமேசுவரத்திலிருந்து பனாரசுக்கு வாரம் ஒரு ரயில் திருச்சி வழியாகப் போகிறது. போன தை மாதம் அதில் ஏறினோம். இடுப்பு வலிக்கு ஒரு தலையணை, வழிக்குப் பால்காரம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு, மாற்றிக் கட்ட இரண்டு புடைவை. ரயில் நகர்ந்ததும் என் மனைவி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காவேரியைப் பார்த்துக் கும்பிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நான் வாக்குத் தவறாதவனாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பிரயாணத்துக்கு எங்கள் கணக்கில் ஒரு மைல்கூட ஏறவில்லை.