கச்சான் காலம்

பொத்துவில் நகரிலிருந்து தெற்கே 3 கிலோமீற்றர் போனால் களப்பின் மேலாக ஒரு பாலம். அதைத் தாண்டினால் உல்லை. வெளிநாட்டார் அறிந்த பெயர் அறுகம்பே.

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் இந்தக் கரைக்கு உயிர். தென்கடலில் பிறந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து, ஒரேயடியாய்ச் சரியாமல், ஓரத்திலிருந்து உடைந்துகொண்டே குடாவுக்குள் நீளும். அதில் பலகை போட்டு ஏறி நிற்கத்தான் 1970களிலிருந்து வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். இங்கிருந்தே குமணைக்குப் பறவை பார்க்கவும், லகுகலைக்கு யானை பார்க்கவும், களப்பில் தோணியேறிக் கண்டல் மரங்களைப் பார்க்கவும் போவார்கள். கரைகளுக்குப் பெயரும் அவர்களுடையதே. முஸ்லிம்கள் நிறைந்த பொத்துவிலில் ஒரு கரைக்கு 'விஸ்கி பொயின்ட்' என்று பெயர்! வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு வாப்பா சிரிக்கவில்லை. உல்லையில் வாழ்க்கைப்பட்டிருந்த ராத்தாவைக் கடல் கொண்டுபோனது. மறுநாள்தான் மையித்துக் கிடைத்தது. அவளுடைய ஒரு வயதுப் பிள்ளை அன்று நகரில் எங்கள் உம்மாவிடம் இருந்ததால் தப்பியது. பழைய பாலமும் சிதைந்தது. 2008இல் அமெரிக்க உதவியுடன் புதிய பாலம் வந்தது. கச்சான் காலம் மீண்டும் களைகட்டியது. ஊர்ப் பையன்கள் பலகை வாடகைக்கு விட்டார்கள், சறுக்கப் பழக்கினார்கள், அதிலேயே குடும்பமும் நடத்தினார்கள்.

2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியது. ராத்தாவின் மகளுக்கு அப்போது பதினைந்து வயது.

"மாமா, நானும் பழகட்டா?"

"ஊர் என்ன கதைக்கும் புள்ள?" என்றேன்.

உடுப்பு, மானம், மார்க்கம் என்று ஒவ்வொன்றாய் அடுக்கினேன். முழுக்கை உடுப்போடு இறங்கலாம், பழக்குவதும் பெண்கள்தான் என்று அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் அதட்டினேன். அவள் அதன்பிறகு கேட்கவேயில்லை.

ஊர் ஒன்றும் கதைத்திருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பயம் ஊரில் அல்ல. ராத்தாவைக் குளிப்பாட்டக் கொண்டுபோனபோது அவள் கூந்தலில் மணல் இருந்தது. அந்தக் கடலுக்கு அவளுடைய பிள்ளையையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, மார்க்கத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு பிள்ளையிடம் சொன்ன பொய்யிலும் பெரிய பிழை அது.

கடந்த கச்சான் காலத்தில் ஓர் அஸருக்குப் பின் அவள் தன் மூன்று வயது மகளோடு கடற்கரைக்கு வந்தாள். நானும் போனேன். பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் சிலர் பலகைகளோடு தண்ணீரில் இறங்கினார்கள். சின்னவள் கையை உதறிக்கொண்டு அலையை நோக்கி ஓடினாள். அவள் பதறவில்லை. திரும்பி என் முகத்தைத்தான் பார்த்தாள், அந்தப் பதினைந்து வயதுப் பார்வை.

"அன்றைக்கு நான் சொன்னது ஊருக்குப் பயந்து இல்ல புள்ள, உங்கும்மாவ நினைச்சுத்தான்" என்றேன்.

"தெரியும் மாமா" என்றாள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னவளின் கையைப் பிடித்தேன். 2004க்குப் பிறகு அன்றுதான் என் கால் கடலில் நனைந்தது.