பனியில் எஞ்சும் கோடு



ஐஸ் ஸ்கேட்டிங்கில் 'த்ரீ டர்ன்' என்றொரு திருப்பம் உண்டு. முன்னோக்கிச் சறுக்கி வருபவர் ஒரே காலில் நின்றபடி பின்னோக்கித் திரும்பிவிடுவார். காண்போருக்கு அது நொடிப்பொழுது விந்தை. பனித்தளத்திலோ '3' என்னும் எண்ணின் வடிவில் ஒரு கோடு எஞ்சும்.

சென்ற குளிர்காலத்தில் டொராண்டோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, 56 வயதில் இதைக் கற்கத் தொடங்கினேன். காலணியின் அடித்தகட்டிற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. வெளிவிளிம்பில் சாய்ந்து வளைந்து வரவேண்டும், முழங்கால் மடங்கவேண்டும், தோள்கள் முதலில் திரும்பவேண்டும். பாதம் அவற்றைத் தொடர்ந்து திரும்பி, உள்விளிம்பில் பின்னோக்கிச் செல்லும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் தகடு பனியைச் சுரண்டிவிடும். நான் கடந்தபின் பயிற்சியாளர் குனிந்து கோட்டைப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார்.

முன்னாளில் போட்டி நடுவர்களும் அவ்வாறே செய்தனர். பனியில் வட்டங்களை வரைந்துகாட்டும் கட்டாயச் சுற்றில், வீரர் விட்டுச்சென்ற தடங்களைக் குனிந்து ஆராய்ந்தே மதிப்பெண் இட்டனர். தொலைக்காட்சிப் பார்வையாளரை அது ஈர்க்கவில்லை. 1990ஆம் ஆண்டில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து அச்சுற்று நீக்கப்பட்டது.

பல ஆண்டுகளாகப் பிரசங்க மேடையில் நிற்கிறவன் நான். ஞாயிறுதோறும் என் பேச்சை மெச்சுவோர் உண்டு. ஆயினும், நோயுற்றோரின் படுக்கையருகிலும் கடனில் தவிப்போரின் வாசலிலும் நான் விட்டுவந்த தடம் எத்தகையது? அதைக் குனிந்து பார்க்கும் கண்களுக்கு முன்பாக என் பேச்சு எம்மாத்திரம்?

பிரியமானவர்களே, இந்த வாரம் நாம் ஒவ்வொரு வீட்டைவிட்டும் வெளியேறும்போது, அங்கே எஞ்சுவது தெளிந்த கோடா, சுரண்டலா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.