கறை நல்லதா?

ஜவ்வாது மலைக்கு டூர் போய்வந்த கல்லூரிக் கூட்டத்தின் செல்போன்களை வாங்கிப் பார்த்தால் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, பீமன் அருவி. இரண்டு, காவலூர் வானாய்வகத்தின் குவிமாடம். மூன்றாவது, யாரோ ஒரு பாட்டி. முகம் முழுக்கச் சுருக்கம், பின்னால் கூரை வீடு, படம் முழுக்கப் பழுப்பு நிறம். ஓரமெல்லாம் கறுத்து, நடுவே இரண்டு கீறல், மூலையில் ஒரு கறை. பார்த்தால் 1870-இல் எடுத்தது போல இருக்கும். எடுத்ததோ போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு!

இது அப்படிப்பட்ட ஒரு மூன்றாவது படத்தின் கதை.

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் சாமை காயவைத்துக் கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டுக்கொண்டு படம் எடுத்தான். அங்கேயே உட்கார்ந்து 'பழைய போட்டோ' ஃபில்டரைப் போட்டு, ஆயாவின் பேத்தியிடம் பெருமையாகக் காட்டினான். ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பெண். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னண்ணா இது, செத்தவங்க படம் மாதிரி இருக்கு. ஆயா சேலை செவப்பாச்சே?"

பையனுக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை. நம் வீடுகளில் பழுப்பேறிய படம் எங்கே இருக்கும்? சுவரில், மாலைக்குக் கீழே. உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியை ஒரு விரல் தட்டலில் அங்கே மாட்டிவிட்டான் அவன்.

சரி, பழைய படங்கள் ஏன் அப்படி இருந்தன? ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் தேடிப் படித்தது இதைத்தான்.

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரத்தகடு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூச வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படமெடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள்! நம்ம ஊர் வெயிலில் அதுவும் கிடையாது. மலைக்குப் போனால் இருட்டுக் கூடாரம், ரசாயனம், தண்ணீர், கண்ணாடி எல்லாம் கூடவே சுமக்க வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம், அந்தத் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும்தான் தெரியும். அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். குங்குமம் கறுப்பாகும். சிவப்புச் சேலையும் கறுப்பாகும். வெயிலில் உழைத்த மாநிறத் தோல் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். பழைய படங்களில் நம் தாத்தா பாட்டிகள் அவ்வளவு கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்! முகம் கடுகடுவென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. சில நொடிகள் அசையாமல் நிற்க வேண்டும். சிரிப்பை அவ்வளவு நேரம் பிடித்துவைக்க யாரால் முடியும்?

ஆனால் கீறலும் கறையும்? அவற்றை அந்தக் காலத்துக்காரர்கள் விரும்பவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படமெடுத்தார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியவர் இவர். வானம் திட்டுத்திட்டாக வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார்! அதாவது 'எடிட்டிங்' அன்றைக்கே இருந்தது. குறையை மறைக்க அவர் மணிக்கணக்கில் பாடுபட்டார். இன்றைய ஃபில்டர் அதே குறையை ஒரு நொடியில் கொண்டுவந்து சேர்க்கிறது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைமைக்கு இது ஆடம்பரச் செலவு என்று கருதி டிரைப்பின் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். பட்ஜெட் வெட்டு என்றால் முதலில் கலைதான் பலி... அன்றும்!

இன்னொரு சாட்சி ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. காவலூரின் தொலைநோக்கிகளும் ஒரு காலத்தில் புகைப்படத் தகடுகளில்தான் வானத்தைப் பதிவு செய்தன. 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் குழுவினர் அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படங்களிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். கணிதமேதை ராமானுஜன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. குறுங்கோள் தகட்டில் எப்படித் தெரியும்? ஒரு சின்னப் புள்ளி, அல்லது சின்னக் கோடு. தகட்டில் விழுந்த கீறலும் அப்படித்தான் தெரியும்! அதனால்தான் ஒரே வானத்தை நேரம் விட்டு மறுபடி படமெடுத்து ஒப்பிடுவார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறியிருந்தால் கோள். அடுத்த படத்தில் காணவே இல்லையென்றால் வெறும் கறை. அந்த மலையில் கறையையும் உண்மையையும் பிரித்துப் பார்ப்பதே ஒரு வேலையாக இருந்திருக்கிறது.

பேத்தி கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜவ்வாது மலையின் பழங்குடியினர் மலையாளிகள். (கேரளத்துக்காரர்கள் அல்ல. காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழக்கில் உள்ள கதை.) 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி, உடலை அளக்கத் தோதாகப் படமெடுத்தார்கள். படத்தில் இருப்பவரின் பெயர் பல நேரம் இருக்காது, இனத்தின் பெயர்தான் இருக்கும். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த படவரிசையில் அந்த மாதிரிப் படங்களையும் மறுபடி உருவாக்கினார். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் தானே போய் நின்றார். பழைய தோற்றத்தை அடுத்தவர் மேல் போர்த்தாமல், தன் மேல் போர்த்திக்கொண்டு கேள்வி கேட்டார். பெரிய வித்தியாசம் அது.

அப்படியானால் டிஜிட்டல் காமிராவில் பழைய முறையைத் தொடவே கூடாதா? தாராளமாகத் தொடலாம். பையன் அதைத்தான் செய்து பார்த்தான். கறையை விட்டுவிட்டு, அந்தத் தகடு பார்த்த விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். செய்முறை சுலபம்:

முதலில் வண்ணப் படம். கணினியில் சேனல் மிக்ஸரைத் திறந்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 100 என்று வைக்க வேண்டும். அவ்வளவுதான், வானம் வெளுக்கும், சிவப்பு கறுக்கும். புற ஊதாவைச் சாதாரண டிஜிட்டல் காமிரா அநேகமாகத் தடுத்துவிடும் என்பதால் அச்சு அசலாக வராது, நெருங்கி வரும். அடுத்தது நேரம். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, லென்ஸ் முன் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் மாட்டி சில நொடிகள் திறந்து வைத்தால், பீமன் அருவி பால் போல வழியும்.

இன்னும் ஒரு படி போகலாம். படத்தை நெகட்டிவாக மாற்றி ஓ.எச்.பி. தாளில் பிரிண்ட் எடுத்து, சயனோடைப் ரசாயனம் பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை இது. இரண்டே இரும்பு உப்புகள், கழுவ வெறும் தண்ணீர். படம் நீல நிறத்தில் வரும். இதில் கறை விழுந்தால் அது நிஜக் கறை, கை தவறி விழுந்தது!

அடுத்த முறை ஜமுனாமரத்தூர் போனபோது அவன் கையில் இரண்டு பிரிண்ட் இருந்தன. ஒன்று அருவியின் நீலப் படம். இன்னொன்று அதே ஆயா, எந்த ஃபில்டரும் இல்லாமல், சிவப்புச் சேலையில், மஞ்சள் வெயிலில், முன்னால் பரப்பிய சாமையோடு. ஆயா நீலப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு" என்று அவனிடமே கொடுத்துவிட்டார். வண்ணப் படத்தைப் பேத்தி உள்ளே கொண்டுபோனாள். சுவரில் மாட்டவில்லை. ரேஷன் கார்டு வைக்கும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.